நுனியை வெட்டினால் மரம் சிறுக்காது

வீட்டுப் பின்புறத்து மாமரம் மொட்டைமாடியைத் தாண்டி வளர்ந்துவிட்டால் பெரும்பாலான குடும்பங்கள் எடுக்கும் முடிவு ஒன்றுதான். மரம் ஏறத் தெரிந்த ஒருவரை வரவழைத்து, குறிப்பிட்ட ஓர் உயரத்துக்கு மேல் எல்லாக் கிளைகளையும் அரிவாளால் துண்டித்துவிடச் சொல்கிறார்கள். மொட்டையடிப்பது என்று இதற்குப் பெயர். வெட்டி முடித்ததும் முற்றம் வெளிச்சமாகிறது, சருகு விழுவது நிற்கிறது, கொடுத்த கூலிக்குப் பலன் கண்ணெதிரே தெரிகிறது. அடுத்த மழைக்குள் வெட்டுப்பட்ட ஒவ்வொரு முனையிலிருந்தும் துளிர்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. ஒரு கிளை இருந்த இடத்தில் எட்டுப் பத்துக் குச்சிகள், அத்தனையும் நெட்டுக்குத்தாக. சில ஆண்டுகளில் மரம் பழைய உயரத்தைத் தொட்டுவிடுகிறது. உள்ளே முன்பைவிட இருட்டு அதிகம், காய்ப்பு குறைவு, கிளைகளோ முன்பைவிட எளிதில் முறிபவை. திரும்பவும் ஆள், திரும்பவும் அரிவாள். மரத்தின் நுனியை வெட்டி அதைச் சிறியதாக வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கைதான் இந்தச் சுழற்சியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எவ்வளவு வெட்டுகிறோம் என்பதைவிட எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதுதான் பசுமை மாறாத ஒரு மரத்தின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கிறது.

துண்டித்த முனையில் ஏன் இத்தனை துளிர்கள்? ஒவ்வோர் இலையும் தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு இருக்கிறது. கிளையின் நுனிமொட்டு வளர்ந்துகொண்டிருக்கும்வரை கீழேயுள்ள பக்கமொட்டுகளில் பல அடங்கியே கிடக்கின்றன. இதை நுனி ஆதிக்கம் என்கிறது தாவரவியல். புல் நாற்றின் நுனியில் தோன்றும் ஏதோ ஒரு தூண்டல் கீழே இறங்கி நாற்றை ஒளிப்பக்கம் வளைக்கிறது என்பதைச் சார்லஸ் டார்வினும் அவருடைய மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட நூலில் காட்டியிருந்தார்கள். அந்தத் தூண்டல் ஒரு வேதிப்பொருள்தான் என்பதை 1920களில் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் நாற்றுகளைக் கொண்டு நிறுவினார். அதுவே ஆக்சின். 1930களின் தொடக்கத்தில் கென்னத் திமானும் ஃபோல்கே ஸ்கூக்கும் அவரைக் குடும்பத்துச் செடியொன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, கிள்ளிய முனையில் ஆக்சினை வைத்தார்கள். நுனி போன பிறகும் பக்கமொட்டுகள் அடங்கியே இருந்தன. ஆக்சின் வைக்காத செடிகளில் அவை திறந்துகொண்டன. 2008இல் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற இன்னொரு ஹார்மோன் குழுவுக்கும் மொட்டுகளை அடக்குவதில் பங்கு உண்டு என்று இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே அறிவித்தன.

ஆனால் இந்த விளக்கத்தில் ஒரு நெருடல் இருந்தது. தண்டில் ஆக்சின் இறங்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். நுனியைக் கிள்ளினால், தொலைவில் இருக்கும் மொட்டுக்கு ஆக்சின் குறைவதற்கு முன்பே அந்த மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது. அப்படியானால் வேறு ஏதோ ஒன்று முந்திக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணிச் செடிகளில் அதைத் தேடி 2014இல் விடையை வெளியிட்டார்கள். அது சர்க்கரை. இலைகள் உண்டாக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை வளரும் நுனி இழுத்துக்கொள்கிறது. நுனி போனதும் அந்தச் சர்க்கரை பக்கமொட்டுகளுக்குப் பாய்கிறது, அவை விழிக்கின்றன. ஆக்சினின் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. மாமரத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கிளைகள் போனாலும் வேர் அப்படியே இருக்கிறது. முழு மரத்துக்கும் போதுமான நீரையும் உப்புகளையும் அது மேலே அனுப்பியபடியே இருக்கிறது. அடிமரத்திலும் வேரிலும் சேமித்த மாவுச்சத்து சர்க்கரையாகக் கரைகிறது. அடக்கிவைத்திருந்த நுனிகள் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டன. பட்டைக்கடியில் ஆண்டுக்கணக்கில் உறங்கிய மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பாமல் வேறு என்ன செய்யும்? நீர்ப்போத்து என்று விவசாயிகள் சொல்லும் அந்தக் கொழுத்த குச்சிகள், இழந்த இலைப்பரப்பை மீட்க மரம் எடுக்கும் அவசர நடவடிக்கை. உயரத்தைக் குறைக்க வெட்டிய வெட்டே உயர வளர்ச்சியைத் தூண்டிவிடுகிறது.

துளிர்ப்பது இருக்கட்டும், வெட்டுப்பட்ட இடம் என்ன ஆகிறது? மனிதத் தோலில் காயம் ஆறுகிறது. பழைய திசு போய்ப் புதிய திசு அதே இடத்தில் வளர்கிறது. மரத்தில் அது நடப்பதில்லை. ஒருமுறை காயம்பட்ட மரக்கட்டை காயம்பட்டதுதான். அதைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அதன்மேல் புதிய கட்டையை வளர்த்து, பழைய காயத்தை உள்ளே வைத்து மூடிவிடுவது மட்டுமே மரத்தால் முடியும். இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ. கையில் எடுத்துச் செல்லும் இயந்திர ரம்பம் வந்த பிறகு மரத்தை நெடுக்காகப் பிளந்து பார்ப்பது எளிதாயிற்று. ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அப்படிப் பிளந்து, பழைய காயத்திலிருந்து அழுகல் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பின்தொடர்ந்தார். அவரும் ஹெரால்ட் மார்க்ஸும் 1977இல் முன்வைத்த விளக்கத்தின்படி மரம் நான்கு தடுப்புச் சுவர்களை எழுப்புகிறது. முதல் சுவர் அழுகல் மேலும் கீழும் ஓடாமல் நீர்க்குழாய்களை அடைக்கிறது. இதுதான் மிகப் பலவீனமானது. இரண்டாவது, வைரத்தை நோக்கி உள்ளே போகவிடாமல் தடுக்கிறது. மூன்றாவது, வட்டமாகப் பக்கவாட்டில் பரவுவதைத் தடுக்கிறது. காயம்பட்ட பிறகு, பட்டைக்கடியில் புதுக்கட்டையை வளர்க்கும் அடுக்கான கேம்பியம் உண்டாக்கும் நான்காவது சுவர்தான் எல்லாவற்றிலும் வலியது. காயம்படும் நாளில் இருந்த கட்டைக்கும் அதற்குப் பின் வளரும் கட்டைக்கும் நடுவில் அது எல்லை போடுகிறது.

இந்த நான்காவது சுவரிலிருந்து ஒரு நேரடியான முடிவு கிடைக்கிறது. அழுகல் பெரும்பாலும் காயம்பட்ட நாளில் மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ அந்த அளவுக்குள் அடங்கிவிடும். விரல் பருமனில் வெட்டினால் விரல் பருமன் அழுகல், தொடை பருமனில் வெட்டினால் தொடை பருமன் அழுகல். மரம் பிறகு எவ்வளவு பருத்தாலும் அந்த நாளின் தவறு நடுவில் அப்படியே இருக்கும். மொட்டையடித்த கிளைமுனைகள் பார்க்க ஆரோக்கியமாகத் துளிர்த்துக்கொண்டே உள்ளே குழாயாகப் போவதற்கும், சில ஆண்டுகள் கழித்துக் காற்றில்லாத நாளில்கூடக் கிளை ஒடிந்து விழுவதற்கும் இதுவே காரணம். முருங்கை போன்ற மெதுமரங்களில் இது வேகமாகவும், வைரம் பாய்ந்த மரங்களில் மெதுவாகவும் நடக்கிறது.

ஆனால் காட்டில் யாரும் கவாத்து செய்வதில்லை. அங்கும் கீழ்க்கிளைகள் நிழலில் பட்டுப்போய் உதிர்கின்றன, மரங்கள் நூற்றாண்டுகள் நிற்கின்றன. கிளையை இழப்பதற்கென்று மரம் தானே ஓர் இடத்தை ஆயத்தமாக வைத்திருப்பதுதான் இதன் ரகசியம். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு சிறிய புடைப்பு வளையம் தெரியும். கிளையின் மேற்பக்கக் கவட்டில் பட்டை மடிந்து ஒரு கருங்கோடாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் கீழ்ப்பக்கப் புடைப்புக்கும் வெளியே இருப்பது கிளை, உள்ளே இருப்பது அடிமரம். இந்த வளையத்தைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். அழுகல் பூஞ்சையை எதிர்க்கும் வேதிப்பொருள்கள் திரளும் காப்பு மண்டலம் கிளையின் இந்த அடிப்பகுதியில்தான் உருவாகிறது. கழுத்துக்குச் சற்று வெளியே வெட்டினால், மரம் தனக்குத் தெரிந்த இடத்தில் தனக்குத் தெரிந்த முறையில் மூடிக்கொள்கிறது. நான்கு புறமும் சீரான வளையமாகப் புதுக்கட்டை உருண்டு வந்து மூடும். கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் அந்தக் காப்பு மண்டலமே போய்விடும், அடிமரமும் காயப்படும். 'வழவழவென்று சீவுவதே நல்ல வேலை' என்று தோட்டக்கலை நூல்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்தன. அதைத் தவறென்று காட்டியது ஷைகோ பிளந்துவைத்த கட்டைகள்தான். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கிளையில் ஒரு முழம் விட்டு வெட்டினால் அந்தக் குச்சி பட்டுப்போகும். பட்டுப்போன குச்சி நீட்டிக்கொண்டிருக்கும்வரை புதுக்கட்டையால் அதைத் தாண்டி மூட முடியாது.

கனத்த கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் முடியும் தறுவாயில் அதன் பாரம் அடிமரத்துப் பட்டையை நெடுக உரித்துக்கொண்டு விழும். அதனால் முதலில் கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் கால்வாசி ஆழம் அறுக்க வேண்டும். பிறகு அதற்கும் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிட வேண்டும். எஞ்சிய துண்டைக் கழுத்துக்கு வெளியே மெதுவாக ரம்பத்தால் எடுக்க வேண்டும். அரிவாள் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. அது எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வீச்சு குறிப்பிட்ட கோட்டில் விழாது, பட்டை சிதையும். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 'கூலி வேண்டாம், விறகை எடுத்துக்கொள்கிறேன்' என்பவரிடம் மரத்தை ஒப்படைத்தால், விறகுக்கு ஆகும் தடித்த கிளைகள்தான் போகும். கவாத்தில் பெரும்பாலும் நிற்க வேண்டியவை அவைதான்.

வெட்டிய இடத்தில் சாணமோ தாரோ பெயின்டோ பூசினால் அழுகல் வராதே என்று கேட்கலாம். பூச்சு நீர் புகாமல் காக்கும் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் மேப்பிள், எல்ம் மரங்களில் பல்வேறு பூச்சுகளைப் பூசி ஐந்தாண்டு கழித்துப் பிளந்து பார்த்தபோது, பூசிய காயத்துக்கும் பூசாத காயத்துக்கும் அழுகலில் வேறுபாடு இல்லை என்று ஷைகோ கண்டார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. பூச்சு காய்ந்து வெடிக்கும்போது அதன் அடியில் ஈரம் தங்கி அவற்றுக்கு வசதியாகிறது. பூஞ்சைக்கொல்லியான போர்டோ பசைக்கு வேறு கணக்கு. எலுமிச்சையிலும் மாவிலும் வெட்டுமுனை வழியாக நுழையும் நுனிக்கருகல் போன்ற நோய்களை, காயம் புதிதாக இருக்கும் காலத்தில் மேற்பரப்பில் தடுக்க அது உதவுகிறது. மழைக்காலத்தில் வெட்ட நேர்ந்தால் பூசுவதில் நியாயம் உண்டு. ஆனால் தவறான இடத்தில் விழுந்த வெட்டை எந்தப் பசையும் சரியாக்காது. சுண்ணாம்பும் அப்படித்தான்: காயத்துக்கு மருந்தல்ல, நிழலில் இருந்து திடீரென வெயிலுக்கு வந்த பட்டை, குறிப்பாக மேற்குப் பக்கத்தில், வெந்து வெடிக்காமல் இருக்க வெள்ளையடிப்பது நல்ல வழக்கம்.

இதுவரை சொன்னது எல்லா மரங்களுக்கும் பொருந்தும். பசுமை மாறாத மரங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. குளிர்நாட்டு ஆப்பிள் மரம் இலையுதிர்க்கும் முன் இலையில் இருந்த சத்தில் பெரும்பகுதியை உள்ளிழுத்துக் கட்டையிலும் வேரிலும் பத்திரப்படுத்திவிடுகிறது. இலையற்ற குளிர்காலத்தில் அதை வெட்டினால் வெறும் குச்சிதான் இழப்பு. மா, சப்போட்டா, எலுமிச்சை, கறிவேப்பிலை போன்றவை ஒருபோதும் அப்படி ஒட்டுமொத்தமாக ஒதுங்கி ஓய்வெடுப்பதில்லை. அவற்றின் இலை சர்க்கரை செய்யும் இடமாக மட்டுமின்றிச் சேமிப்பிடமாகவும் இருக்கிறது. இலையுள்ள கிளையை வெட்டும்போது வருமானத்தையும் கையிருப்பில் ஒரு பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம். இதை நன்றாக அறிந்தவர்கள் தேயிலைத் தோட்டத்தவர்கள். கவாத்துக்கு முன் செடியை ஓய்வெடுக்கவிட்டு, வேரை வெட்டி அதன்மீது அயோடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலம் ஏறினால் மாவுச்சத்து போதுமான அளவு இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறாவிட்டால் பொறுக்க வேண்டும். பலவீனமான செடிகளில் எல்லாக் கிளைகளையும் எடுக்காமல் இலையோடு ஒன்றிரண்டை விட்டுவைத்து, புதுத்துளிர் வந்து நிலைத்த பின்பே அவற்றை வெட்டுவார்கள். அந்தக் கிளைகளுக்கு 'நுரையீரல்' என்றே தோட்ட வழக்கில் பெயர். வீட்டு மரத்தில் ஒரே முறையில் கால்பங்குக்கு மேல் இலைப்பரப்பை எடுக்கக் கூடாது என்று மரப் பராமரிப்பாளர்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

தேயிலையைச் சொன்னதும் வலுவான ஒரு மறுப்பு எழும். தேயிலை இயல்பில் மரம். விட்டுவிட்டால் பத்து மீட்டருக்கு மேலும் வளரும். ஆனால் நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கையின் மலையகத்திலும் இடுப்பளவு உயரத்தில், நுனி வெட்டப்பட்டே, நூறாண்டு தாண்டியும் அது வாழ்கிறது. மலையகத் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவாத்துக் கத்தியோடு செய்துவந்த வேலை அது. நுனியை வெட்டினால் மரம் சிறுக்காது என்பது அப்போது பொய்யாகாதா? ஆகாது. தேயிலையின் நுனி ஒருமுறை வெட்டிவிட்டு மறக்கப்படுவதில்லை. ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை, ஈரிலையும் மொட்டுமாக, ஆண்டெல்லாம் கிள்ளப்படுகிறது. நுனி ஆதிக்கத்தை உடைத்ததும் பீறிடும் துளிர்தான் அங்கே அறுவடை. வீட்டு மாமரத்தில் தொல்லையாக இருப்பது தேயிலையில் விளைபொருள். அப்படியும் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆழக் கவாத்து இல்லாமல் செடியின் உயரம் அடங்குவதில்லை. முதல் வெட்டு நாற்றுப் பருவத்திலேயே விழுகிறது, பருத்த மரத்தில் அல்ல. பழைய தேயிலைச் செடிகளைப் பிளந்தால் பல கவாத்துகளின் காயங்கள் சேர்ந்து உள்ளே மரம் அழுகியிருப்பதும் தோட்டத்தவர்களுக்குப் புதிதல்ல. வாரந்தோறும் ஆள் வந்து கிள்ளும் ஏற்பாடு இருந்தால் மாமரத்தையும் இடுப்பளவில் வைக்கலாம். மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் மாவை அடர்நடவு செய்யும் தோட்டங்கள் அதற்குச் சற்று அருகே போகின்றன. முதலாண்டிலிருந்தே ஆண்டுதோறும் மெல்லிய கிளைகளில் வெட்டு, பல இடங்களில் தண்டு நீளுவதைத் தடுக்கும் பேக்லோபூட்ரசால் மருந்து, இவை இரண்டும் சேர்ந்துதான் அங்கே உயரத்தைப் பிடித்துவைக்கின்றன.

மல்லிகையையும் வேலிச்செடிகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். புதர்ச்செடிக்கு அது தாங்கும். அது ஒற்றை அடிமரத்தை நம்பி வாழ்வதில்லை. அடியிலிருந்து புதுத் தண்டுகளை எழுப்பிப் பழையவற்றை ஈடுசெய்துகொள்கிறது. மல்லிகைப் பூவும் புதுக்கிளையில்தான் வருகிறது. செம்பருத்தியும் காகிதப்பூவும் அதே வகை. வெட்ட வெட்டப் பூக்கும். ஆனால் இட்லிப்பூ தன் கொத்தைக் கிளையின் நுனியில் வைக்கிறது. வாராவாரம் பெட்டி வடிவில் கத்தரித்தால் இலைதான் மிஞ்சும். எந்தப் பூ எங்கே வருகிறது என்று பார்க்காமல் எல்லாச் செடிகளையும் ஒரே கத்தரியால் ஒரே உருண்டையாக்குவது நகர்ப்புறத் தோட்டங்களில் மிகப் பரவலான வீண்வேலை. டுராண்டா, மருதாணி போன்ற வேலிகளை அடிக்கடி வெட்டலாம். ஆனால் அடி அகன்றும் மேலே குறுகியும் இருக்கும்படி வெட்ட வேண்டும். மேற்பகுதி அகன்றால் அடியில் வெயில் விழாது, அடி காய்ந்து ஓட்டை விழுந்த வேலியாகிவிடும். மாறாக தூஜாவில் பச்சை வெளித்தோலாக மட்டுமே இருக்கிறது, உள்ளே இலையற்ற பழுப்புக் குச்சிகள். அதுவரை வெட்டிவிட்டால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது, ஏனென்றால் அங்கே உறங்கும் மொட்டுகள் இல்லை. தென்னைக்கும் பாக்குக்கும் வளர்நுனி ஒன்றே ஒன்று. குருத்து போனால் மரமே போயிற்று.

புயலைச் சொல்லி மொட்டையடிப்பவர்களின் அச்சம் உண்மையானது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா காவிரிப் படுகையில் செய்ததை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மரத்தின் தலையை எடுத்துவிட்டால் காற்று பிடிக்க இடமிருக்காது என்பது சரியான கணக்கு, அந்த ஒரு பருவத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு வருவதுதான் ஆபத்து. இயல்பாக வளர்ந்த கிளையின் அடி, அடிமரத்தின் கட்டையோடு ஆண்டுக்காண்டு ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து பின்னப்பட்டிருக்கும். மொட்டையில் கிளம்பும் போத்து, பட்டைக்கடியில் இருந்த மொட்டிலிருந்து புறப்பட்டு வெளியடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேகமாக நீள்கிறது, பாரமாகிறது. அது பற்றிநிற்கும் முனையோ உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் புயலுக்கு மரம் முன்பைவிட மோசமான நிலையில் நிற்கிறது. புயலில் வேரோடு சாயும் மரங்களுக்கோ தலையைவிட அடியில்தான் பெரும்பாலும் கோளாறு. சுற்றிலும் சிமென்ட் போட்டு அடைத்த அடி, குழாய் பதிக்கத் தோண்டும்போது அறுபட்ட வேர், தொட்டியில் சுருண்டு வளர்ந்த வேரோடு நடப்பட்ட கன்று இவையெல்லாம் கிளையை வெட்டித் தீர்க்கக்கூடிய குறைகள் அல்ல.

காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழிவிட்டபடி மரத்தை அடக்கமாக வைத்திருக்க ஒரு வழி உண்டு. கிளையை நடுவில் துண்டிக்காமல், அது பிறக்கும் இடத்திலேயே கழுத்துக்கு வெளியே எடுக்க வேண்டும். பட்டுப்போனவை, ஒன்றோடொன்று உரசுபவை, உள்நோக்கி வளர்பவை, ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பியவை ஆகியவற்றை முதலில் எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், உயர்ந்த கிளையைப் பின்னோக்கித் தடவி வந்து, அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக்கிளை வரை வெட்ட வேண்டும். அந்தப் பக்கக்கிளையின் பருமன் வெட்டுப்படும் கிளையில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. பக்கக்கிளைக்குத் தன் நுனி இருக்கிறது. அந்த நுனி சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, ஆக்சினைக் கீழே அனுப்புகிறது, இழந்த நுனியின் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அதனால் உறங்கும் மொட்டுகள் பெரும்பாலும் உறங்கியே இருக்கும். நெல்மணி அளவுப் பக்கக்குச்சியை நம்பி வெட்டினால் அதனால் அந்தப் பொறுப்பைத் தாங்க முடியாது, மறுபடி போத்துக் கொத்துதான். பெரிய மரத்தை ஒரே நாளில் சிறிதாக்க முயலாமல் இரண்டு மூன்று ஆண்டுகளாகப் பிரித்துச் செய்வது நல்லது. பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று வெட்டும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

எப்போது வெட்டுவது என்பதையும் மரத்தின் நடப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மா தொடர்ச்சியாக வளர்வதில்லை. திடீரென்று செம்புநிறத் தளிர் தள்ளும், அது பச்சையாகி முற்றும், பிறகு சிலகாலம் சும்மா இருக்கும். செந்தளிர் ஓடும்போது மரம் கையிருப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. அப்போது வெட்டினால் செலவும் வீண், தளிரும் வீண். பூ வருவதோ முற்றிய கிளையின் நுனியில், மார்கழி தைக் குளிரில். அதற்குக் கிளைக்குச் சில மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். காய் பறித்து முடிந்தவுடன் வெட்டினால் புதுத்தளிர் முற்றிப் பூக்க நேரம் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் வெட்டினால் அந்த ஆண்டுப் பூவை இழக்கத் தயாராக இருக்க வேண்டும். புயலுக்கு முன் அவசரமாக மொட்டையடிக்கப்படும் மாமரங்கள் அடுத்த கோடையில் வெறும் இலையோடு நிற்பது இதனால்தான்.

இவ்வளவு சிக்கலென்றால் எதையும் தொடாமல் விட்டுவிடலாமே என்று இயற்கை வேளாண்மையை நேசிப்பவர்கள் கேட்பார்கள். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய மசனோபு ஃபுகோகாவையே சாட்சிக்கு அழைப்பார்கள். அந்த நூலில் அவரே சொல்லியிருப்பது வேறு. தந்தையின் நாரத்தை இனத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் இயற்கைக்கு விட்டபோது கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, பூச்சி தாக்கியது, ஏராளமான மரங்கள் பட்டுப்போயின. அவை ஏற்கெனவே வெட்டி உருமாற்றப்பட்டவை. இயல்பான வடிவம் கலைந்த மரத்தைக் கைவிடுவது இயற்கைக்கு விடுவதாகாது என்பதே அவர் கண்ட பாடம். தொடக்கத்திலிருந்தே இயல்பான வடிவில் வளர்ந்த மரத்துக்கு வெட்டே அரிதாகத்தான் தேவைப்படுகிறது. ஷைகோவின் நான்காம் சுவர் சொல்வதும் ஃபுகோகாவின் தோட்டம் சொல்வதும் இங்கே ஒன்றுசேர்கின்றன. கவாத்துக்கு உரிய வயது மரத்தின் முதல் மூன்று நான்கு ஆண்டுகள். மாங்கன்று முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி, வெவ்வேறு திசையில், வெவ்வேறு உயரத்தில், அகன்ற கோணத்தில் புறப்படும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விட்டு மற்றவற்றை நகத்தாலேயே எடுத்துவிடலாம். கறிவேப்பிலைக் கன்று ஒரு மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் ஐந்தாறு கிளைகளோடு புதராகும், பறிக்கும் உயரத்திலேயே இருக்கும். அந்த வயதில் காயம் ஒரு பருவத்துக்குள் மூடிவிடும். பத்தாண்டு கழித்து ரம்பமும் கயிறும் ஆளும் தேவைப்படும் வேலை அன்று ஒரு நிமிட வேலை.

ஏற்கெனவே மொட்டையடித்த மரம் வீட்டில் இருந்தால் திரும்பவும் அதே உயரத்தில் வெட்டாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் உறுதியாகப் பற்றியிருக்கும் போத்துகளில் ஒன்றையோ இரண்டையோ வைத்துக்கொண்டு, மீதியை ஆண்டுக்குக் கொஞ்சமாக அடியோடு எடுங்கள். சில ஆண்டுகளில் அவை கிளையாகத் திரளும். இனி நடப்போகும் மரமென்றால், கன்று வாங்கும் முன் அது முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் வரும் என்று கேளுங்கள். மதிலுக்கும் சுவருக்கும் இடையே மூன்று மீட்டர்தான் இருக்கிறதென்றால் அங்கே மாவையும் பலாவையும் நடாதீர்கள். எலுமிச்சையோ கறிவேப்பிலையோ நந்தியாவட்டையோ நடுங்கள்.